டொலரைத் தொடரும் சட்டம்

சிறுவர்களைத் தங்கவைத்து உளச் சிகிச்சை அளிக்கும் விடுதிகள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பெருவணிகமாக வளர்ந்துள்ளன. அங்கு நிகழும் கொடுமைகளுக்கு முடிவு கட்டவந்ததாக, 2024 டிசம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய ‘நிறுவனச் சிறுவர் கொடுமை தடுப்புச் சட்டம்’ பாராட்டப்பட்டது. பெயரை மட்டும் படிப்போர் அங்ஙனமே கருதுவர். உள்ளே நோக்குமிடத்துத் தடை விதிக்கும் வாசகம் ஒன்றேனும் நமக்குத் தென்படவில்லை. தேசிய விஞ்ஞானக் கழகங்கள் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பதே அதன் சாரம்.

இதுவரை ஆராயாமலா இருந்தார்கள்? காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2007 இலேயே இத்தகைய இடங்களில் நிகழ்ந்த பத்து மரணங்களை விவரித்தது. பிள்ளைகளைப் பட்டினி போடுதலைத் தடைசெய்யும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2008 இலும் 2009 இலும் நிறைவேற்றியது. செனற் சபையோ அதனைக் கிடப்பிற் போட்டது. அதே செனற்றின் நிதிக்குழு 2024 ஜூனில் இவ்விடுதிகளைப் ‘புறக்கணிப்பின் பண்டகசாலைகள்’ என்றழைத்து, இலாபம் தேடும் வணிகமுறையே கொடுமையின் ஊற்று என எழுதியமை கவனிக்கற்பாலது. நாம் சொன்னால் பிரசாரம் என்பார்கள்.

இருக்கின்ற பாதுகாப்பின் தன்மை யாது? மெடிக்கெயிட் எனும் அரசாங்க மருத்துவ உதவிப் பணம் பெறும் உளச் சிகிச்சை விடுதிகளிற் பிள்ளையைக் கட்டிவைத்தலும் தனியறையில் அடைத்தலும் தண்டனையாகக் கையாளப்படலாகாது. அவசர ஆபத்து வேளையில் மட்டுமே அவற்றுக்கு இடமுண்டு. ஒன்பது வயதுக்குட்பட்டோர்க்கு ஓர் உத்தரவு ஒரு மணி நேரமே செல்லும். நல்ல விதிதான். ஆயின் அது பிள்ளையைத் தொடர்வதில்லை, டொலரைத் தொடர்கின்றது. பெற்றோர் தம் பணத்தில் அனுப்பும் காட்டு முகாமுக்கு அவ்விதி எட்டாது. அங்கே மாநிலத்தின் தயவே தயவு.

மாநிலத்தின் தயவோ 2020 இல் மிச்சிக்கன் மாநிலக் கலமசூவில் வெளிப்பட்டது. உணவை வீசியெறிந்த 16 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஊழியர் பலர் மேலேறி அழுத்தினர், அவன் இறந்தான். அவ்விடுதி மாநில அனுமதி பெற்றதே. அனுமதி பறிக்கப்பட்டது மரணத்தின் பின்னர்.

இவை யாவற்றினும் நம்மை உறுத்துவது பிள்ளையின் குரல் எங்குமே கேட்கப்படாமை. பெற்றோர் பிள்ளையை அரசாங்க மனநோய் மருத்துவமனையிற் சேர்க்க நீதிபதி முன் விசாரணை வேண்டியதில்லை, நடுநிலையான மருத்துவரின் பரிசோதனை போதும் என 1979 இல் பார்ஹம் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சைக்கென ஓரிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளையின் நிலை காலந்தோறும் மீளாய்வு செய்யப்படவேண்டும் என்கின்றது 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 25 ஆம் உறுப்புரை. அமெரிக்கா 1995 இல் அதில் ஒப்பமிட்டது. இற்றைவரை ஏற்றுறுதி செய்யவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளுள் இங்ஙனம் விலகி நிற்பது அஃதொன்றே.