அடிபட்ட மனிதன் எங்கே?

1972 நவம்பரில் ஓர் இரவு. பேர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வேர்த் பகுதியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை மூன்று பையன்கள் அடித்து வீழ்த்தினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 30 பென்ஸ், சில சாவிகள், ஐந்து சிகரட். அடுத்த மார்ச்சில் தீர்ப்பு வந்தது: ஒருவனுக்கு 20 வருடம், மற்ற இருவருக்கும் 10 வருடம். அந்தத் தீர்ப்பின் அதிர்ச்சியிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டூவர்ட் ஹோலும் நான்கு சகாக்களும் 1978இல் வெளியிட்ட ‘பொலிசிங் த க்ரைசிஸ்’. குற்றம், நெறிபிறழ்வு பற்றிய நவமார்க்சிய நூல்களில் நான் திரும்பத் திரும்பப் போவது இதனிடம்தான்.

நூல் பேசும் ‘மகிங்’ என்பதை வகுப்பில் நான் ‘வழிப்பறி’ என்றே சொல்லிவந்தேன். அது பிழை. வழிப்பறி நம்மிடமும் உண்டு, இங்கிலாந்திலும் பழையது. ஆனால் ‘மகிங்’ அமெரிக்காவிலிருந்து வந்த சொல். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படியொரு குற்றமே இல்லை. அந்தச் சொல்லோடு கறுப்பின இளைஞன், சேரி, அச்சம் எல்லாம் கூடவே கப்பலேறி வந்துவிட்டன. பழைய குற்றம் புதுப் பெயரில் புதுக் கொள்ளைநோயாகத் தெரிந்தது.

இது எப்படி நடந்தது என்று காட்டும் பக்கங்கள்தான் நூலின் உயிர். நீதிபதி சொன்னது செய்தியாகிறது. செய்தி தலையங்கமாகிறது. தலையங்கத்தை ‘மக்கள் கருத்து’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த நீதிபதி இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறார். ஸ்டான்லி கோஹன் ‘ஒழுக்கப் பீதி’ என்றதை இவர்கள் கிராம்ஷியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், வட அயர்லாந்து என்று ஆட்டங்கண்டிருந்த அரசு, சம்மதத்தால் ஆள முடியாமற்போகையில் பலவந்தத்துக்குச் சம்மதம் தேடிற்று என்பது அவர்கள் வாதம். பெரும்பாலும் எனக்கு உடன்பாடே.

ஆனால் ஒரு நாள் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், அடி வாங்கின மனிசன்ட கதை எங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய துன்பத்தை ஆசிரியர்கள் மறுக்கவில்லை. ஆனாலும் வாசகர் கடிதங்களுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அரசைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் நூலில், தெருவில் கிடந்த தொழிலாளி வழக்கின் தொடக்கத்துக்கு மட்டும் தேவைப்பட்டவராகிவிடுகிறார். மார்க்சியம் பேசுகிறவர்களுக்கு இது சின்னக் குறையல்ல. அவரும் அந்த வர்க்கம்தானே!

இந்தக் கேள்வி உள்ளிருந்தே எழுந்தது. 1973இல் ‘த நியூ கிரிமினோலொஜி’யை எழுதிய மூவரில் ஒருவரான ஜொக் யங், 1984இல் ஜோன் லீயுடன் சேர்ந்து ‘சட்டமும் ஒழுங்கும்’ விவகாரத்தில் இடதுசாரிகள் என்ன செய்யவேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். ஏழையிடம் களவெடுப்பவனும் பெரும்பாலும் ஏழைதான், அந்தப் பயம் பத்திரிகை கட்டிய கதை மட்டுமல்ல என்றார்கள். அதற்காகப் பொலிசையும் விட்டுவிடவில்லை. சனங்கள் நம்பிக்கை இழந்து தகவல் சொல்லாமல் விட, பொலிசார் கண்டவனையெல்லாம் மறித்துச் சோதிக்க, மிஞ்சியிருந்த தகவலும் வற்றிப்போகிறது என்று அவர்கள் விளக்கும் இடத்தில்தான், ஹோல் காட்டிய அரசும் அந்த மாணவி தேடிய மனிசனும் ஒரே தெருவில் நிற்கிறார்கள்.