வாரம் ஒரு கதை: தமிழ் வீடுகளில் தனிக்கதைத் தொடர்கள்

ஒரே தலைப்பின் கீழ் வாரந்தோறும் வேறு கதையும் வேறு மாந்தருமாக வரும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சித் துறையினர் ஆந்தாலஜி என்பர். தனிக்கதைத் தொடர் எனத் தமிழில் வழங்கலாம். சென்ற வாரம் பார்க்காதவரும் இந்த வாரக் கதையை முழுமையாகச் சுவைக்கலாம் என்பதே இவ்வடிவத்தின் சிறப்பு. பார்வையாளரை மறுவாரமும் இழுத்துவரும் கொக்கி இல்லாததால், விளம்பரதாரர் கண்ணில் அதுவே குறையாகவும் பட்டது.

அமெரிக்காவில் குடும்பத்தினர் கூடிப் பார்த்த இவ்வகை நிகழ்ச்சிகளில் பெயர்பெற்றது, 1954 அக்டோபரில் ஏபிசி நிறுவனம் தொடங்கிய ‘டிஸ்னிலேண்ட்’. வால்ட் டிஸ்னியே தோன்றி ஒவ்வொரு கதையையும் அறிமுகம் செய்த அந்நிகழ்ச்சி, அடுத்த ஆண்டு திறக்கப்படவிருந்த கேளிக்கைப் பூங்காவுக்கு முதலீட்டையும் விளம்பரத்தையும் ஒருங்கே ஈட்டித் தந்தது.

இந்தியாவில் இவ்வடிவம் தூர்தர்ஷனின் 1980களில் செழித்தது. வேதாளம் கதை சொல்ல மன்னன் விடை கூறும் பழைய சட்டகத்தை ராமானந்த் சாகரின் ‘விக்ரம் அவுர் பேதாள்’ எடுத்துக்கொண்டது. ஷங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ (1986) அதனினும் நுட்பமானது: சென்னையில் பிறந்த தமிழரான ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னடக் கலைஞர் ஒருவர் ஆகும்பேயில் படமாக்க, தமிழ் வீடுகள் அவற்றை இந்தியில் பார்த்தன. மொழி புரியாதோரும் கதைநாயகச் சிறுவன் சுவாமியின் முகத்தைக் கண்டே கதையைத் தொடர்ந்தனர் என்பது மிகையன்று. கொடைக்கானல் மலையிலிருந்து வந்த அலைவரிசைக்காகக் கொங்குப் பகுதியின் ஓட்டுக் கூரைகள் மீது ஆன்டெனாக்கள் உயர்ந்த காலம் அது.

திருப்பூரை ஒட்டிய திருமுருகன்பூண்டி போன்ற ஊர்களுக்கு இவ்வடிவம் இயல்பாகவே பொருந்தக்கூடியது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புவோருக்கும், ஏற்றுமதி ஆர்டரின் அவசரத்துக்கு ஏற்ப வேலைநேரம் மாறுவோருக்கும், நாள் தவறாமல் பார்க்கவேண்டிய நெடுந்தொடரைவிட, கிடைத்த வாரத்தில் பார்த்து முடிக்கும் கதையே எளிது. ஆயினும் ஒளிபரப்பு நேரத்தை நிர்ணயித்தது தொழிலாளரின் ஓய்வன்று, விளம்பரக் கட்டணமே.

1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில் இவ்வடிவத்துக்கு இரு போக்குகள் அமைந்தன. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்ம தேசம்’ ஒரே வாரத்தில் முடியாமல், பல வாரங்கள் ஓடும் தனித்தனிக் கதைகளாக வந்ததால், எல்லைக்கோட்டில் நிற்பது. அவற்றுள் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ இன்றும் பேசப்படுகிறது. தூய வடிவம் பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’. சுஜாதா, மாலன் முதலியோரின் சிறுகதைகளை, ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் தாமே செய்து, மௌனிகா உள்ளிட்ட சிலரையே திரும்பத் திரும்ப நடிக்கவைத்து, அவர் எளிய வீடுகளுக்குள் படமாக்கினார். அச்சிக்கனம் அழகியல் மட்டுமன்று. வாரந்தோறும் புதிய களமும் நடிகரும் தேடவேண்டிய வடிவத்தைச் சிறு முதலீட்டில் காப்பாற்றிய உத்தியும் ஆகும். அதே காலத்தில், 1999 இறுதியில், ‘சித்தி’ என்னும் நெடுந்தொடர் தொடங்கியது. ஒரே வீட்டு அரங்கை நூற்றுக்கணக்கான பகுதிகளுக்குப் பயன்படுத்தவல்ல தினத்தொடரோடு தனிக்கதையால் கணக்கில் போட்டியிட இயலவில்லை.

பின்னர் இவ்வடிவம் இணையத் திரைக்குப் பெயர்ந்தது. 2020இல் ‘புத்தம் புதுக் காலை’, ‘பாவக் கதைகள்’, 2021இல் ஒன்பது கதைகள் கொண்ட ‘நவரசா’ என அடுத்தடுத்து வெளியாயின. இவற்றின் இயக்குநர்கள் பெரிதும் திரைப்படத்தினர்; கதைகள் அனைத்தும் ஒரே நாளில் வெளியிடப்பட்டதால் வார இடைவெளி என்பதே மறைந்தது, குடும்பம் கூடிப் பார்க்கும் பழக்கமும் பெருமளவு கைப்பேசிகளுக்குள் பிரிந்தது.