எண்ணச் சுழற்சி நோயும் ஒரு திரைப்படமும்

ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பகுதியினருக்குத் தெலுங்குப் படங்கள் புதியவை அல்ல. 2017-இல் வெளிவந்த 'மகானுபாவுடு' படத்தின் நாயகனுக்கு ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். இந்நோயை மக்களிடம் பேசவைத்ததற்காகப் படத்தைப் பாராட்டலாம். ஆயினும் குறைகள் இரண்டு.

ஒன்று, நோயைச் சுத்தப் பித்தாகக் காட்டிச் சிரிக்க வைப்பது. உண்மையில் 'அழுக்கு ஒட்டியிருக்குமோ?' என்ற வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறது. கழுவினால் பதற்றம் சற்றே தணியும். அந்தத் தணிவே கழுவும் பழக்கத்தை இறுக்கிவிடும். நோயாளிக்கு இது வேடிக்கையன்று, வேதனை.

இரண்டு, காதலே மருந்து என்பது. அஞ்சும் பொருளைப் படிப்படியாகத் தொட்டு, கழுவாமல் இருக்கப் பழகுவதே சிகிச்சை. லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் இதற்கு வழிகாட்டினார். செரட்டோனின் சார்ந்த மாத்திரைகளும் உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். 1997-இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தின் நாயகனாவது மாத்திரை உட்கொள்கிறான்! சிறுவர்களுக்கும் இப்பயிற்சி உதவும். 'கை சுத்தம்தான்' என்று ஓயாமல் உறுதி சொல்வதைப் பெற்றோர் மெல்லக் குறைக்க வேண்டும்.

மாணவர்களே! கை கழுவிக்கொண்டே இருக்கும் நண்பனைக் கண்டால் படத்தை நினைத்துச் சிரிக்காதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண் 14416-ஐச் சொல்லுங்கள்.