14 நாள் அல்ல, ஆயுசுக்கும்

டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் 2013-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'சர்வ் டு வின்'. சர்வ் என்றால் மைதானத்தில் பந்து போடுவது, வீட்டில் சாப்பாடு பரிமாறுவது. தலைப்பிலேயே இரண்டு பாயின்ட் எடுத்துவிடுகிறார் மனுஷர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டால் உடம்பும் மனசும் எப்படி மாறும் என்பதுதான் விஷயம். அதற்கு ஒரு 14 நாள் திட்டம். 'குளூட்டன் ஃப்ரீ' என்ற வார்த்தை இன்று நம்ம ஊர் பிஸ்கட் பாக்கெட் வரை வந்திருக்கிறது என்றால், இந்த மாதிரிப் புத்தகங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கதை என்னவோ ஜோர். செர்பியாவில் ஒரு மலை ஊர். அப்பாவும் அம்மாவும் பீட்ஸா கடை வைத்திருக்கிறார்கள். பையன் மைதா மாவோடு வளர்கிறான். பெரிய ஆட்டக்காரன் ஆன பிறகும் முக்கியமான மேட்ச்சுகளில் பாதியில் மூச்சு வாங்குகிறது. 2010 ஆஸ்திரேலிய ஓப்பனில் அவர் அப்படித் திணறுவதை சைப்ரஸில் உட்கார்ந்து டி.வி.யில் பார்க்கிறார் ஒரு டாக்டர். ஆஸ்துமா இல்லை, வயிற்றுச் சமாசாரம் என்று அவருக்குத் தோன்றுகிறது.

சில மாதங்களில் இருவரும் சந்திக்கிறார்கள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி அழுத்துகிறார் டாக்டர். கை தாங்குகிறது. இப்போது ஒரு ரொட்டித் துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி அழுத்துகிறார். கை தொய்கிறது. ஆக, ரொட்டி ஆகாது! பிறகு ரத்தப் பரிசோதனையும் நடந்ததாக எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் படித்து முடித்தவர் மனதில் நிற்பது ரத்தப் பரிசோதனை இல்லை, அந்த ரொட்டித் துண்டுதான். பழைய சினிமாவில் மந்திரவாதி வேப்பிலை வைத்துப் பார்ப்பாரே, அதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கோதுமையை விட்டார். 2011-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம், உலகின் முதலிடம். யாருக்குத்தான் ஆசை வராது?

இங்கேதான் பி.காம். படித்தவனுக்கு உறுத்துகிறது. அவர் விட்டது கோதுமையை மட்டுமா? பாலையும் விட்டார், சர்க்கரையையும் விட்டார். 2012 ஆஸ்திரேலிய ஓப்பன் ஃபைனலில் நடாலை 5 மணி 53 நிமிஷம் ஆடி ஜெயித்த பிறகு, பரிசாக ஒரே ஒரு சதுரம் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டாராம். ஒரே நேரத்தில் மூன்று செலவைக் குறைத்த கம்பெனி, வந்த லாபம் மொத்தத்தையும் ஒரே தலைப்பில் வரவு வைத்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? புத்தகம் அதைத்தான் செய்கிறது.

அது கூடப் பரவாயில்லை. என் பெரிய வருத்தம் வேறு. குளூட்டன் உண்மையிலேயே விஷமாக இருக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. செலியாக் நோயாளிகள். புத்தகத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. ஆனால் கதாநாயகன் அவர்கள் இல்லை. குளூட்டன் இல்லாத சாப்பாடு இங்கே ஜெயிப்பதற்கான ரகசியம். அவர்களுக்கோ அது மருந்து. இன்றுவரை வேறு மருந்து கிடையாது.

செலியாக் என்பது அலர்ஜி இல்லை, அஜீரணமும் இல்லை. கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனதும், உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படையே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற உறிஞ்சிகள் தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டால் என்ன? குழந்தை வளராது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை டப்பா டப்பாவாகக் காலியாகும், ஹீமோகுளோபின் ஏறாது. எலும்பு பலம் இழக்கும். சிலருக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போகும். வயிற்றுப்போக்கே இல்லாமலும் இத்தனையும் நடக்கலாம் என்பதுதான் வில்லங்கம்.

கோதுமைதான் குற்றவாளி என்று நிரூபித்தவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலிருந்தே அவருக்குச் சந்தேகம். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் பஞ்சம். ரொட்டி இல்லை. ஜனங்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே வாடிக்கொண்டிருந்தபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். டிக்கே அத்தோடு விடவில்லை. எந்த மாவு கொடுத்தால் என்ன ஆகிறது என்று அளந்து அளந்து பார்த்து, 1950-ல்தான் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். வயிற்றில் ரொட்டித் துண்டை வைத்து அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த மனிதரின் பொறுமையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

ஜோகோவிச் புத்தகத்துக்கு முன்னுரை, வில்லியம் டேவிஸ். 2011-ல் 'வீட் பெல்லி' எழுதி விற்றுத் தள்ளிய அமெரிக்க இதய மருத்துவர். நவீனக் குட்டைரகக் கோதுமை வந்ததால்தான் இத்தனை கேடும் என்பது அவர் கட்சி. அந்தக் குட்டைரகம் உலகம் முழுக்கப் பரவியது 1960-களில். டிக்கேயின் குழந்தைகள் அதற்கு வெகு முன்னாலேயே பழைய நெட்டைக் கோதுமையைத் தின்று படுத்தவர்கள். கணக்கு உதைக்கிறதே, டாக்டர்!

சரி, படித்துவிட்டுப் பத்து பேர் சப்பாத்தியை நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. செலியாக்கைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் ஒரு எதிரணுப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது. இரண்டும் சரியாக வர வேண்டுமென்றால், அந்த நேரத்தில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் ரத்தம் சுத்தமாகத் தெரியும், குடல் ஆறத் தொடங்கிவிடும். நோய் இல்லை என்று ரிப்போர்ட் வரும். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று அவர் மறுபடி பரோட்டாவுக்குப் போவார். 14 நாள் செய்து பார், சரிப்பட்டால் தொடரு என்ற யோசனை, யாருக்கு இந்த நோய் நிஜமாகவே இருக்கிறதோ அவர் விஷயத்தில்தான் ஆபத்தாகிறது.

இன்னொரு நஷ்டம், இளக்காரம். பஞ்சாபிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரியைத் தெரியும். மகளுக்குச் செலியாக். அரிசி ஊருக்கு வந்தாச்சு, இனி கவலையில்லை என்று சந்தோஷப்பட்டாராம். ஒரு வருஷம் கழித்துப் பரிசோதித்தால் எதிரணு அளவு இறங்கவே இல்லை. வீட்டில் சப்பாத்தி கிடையாது, பிஸ்கட் கிடையாது. கடைசியில் பிடிபட்டது சமையலறை டப்பாவில். பெருங்காயம்! நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். சாம்பாரில், ரசத்தில், தாளித்த மோரில் தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு சிட்டிகைதானே ஸார்னு எல்லாரும் சொல்றாங்க. ஹோட்டல்ல கேட்டா, டயட்டாங்கறாங்க" என்றார் அவர். தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை 3 மாதம் கொடுத்தாலே குடல் சுவர் கெடுகிறது என்று 2007-ல் இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது கிராம் கணக்கில். அதில் ஒரு விள்ளல் போதும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடுவதற்கு இந்தியாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்பது சும்மா இல்லை. ரவா தோசை வார்த்த கல்லில் சாதா தோசை, மால்ட் போட்ட பானம், சோயா சாஸ் ஊற்றிய கோபி மஞ்சூரியன்... ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். கேட்கிற குழந்தையை, எடை குறைக்க வந்த சினிமா நடிகையைப் பார்ப்பது போலப் பார்த்தால் எப்படி?

நமக்கெல்லாம் இது வராது என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வெளியான இந்திய ஆய்வில், எதிரணு இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவிகிதம், தெற்கில் 0.10 சதவிகிதம். ஆனால் இதற்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் தட்டில். அவர்கள் தினம் சாப்பிட்டது சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். அரிசிதான் இத்தனை நாள் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது சர்க்கரை நோய்க்குச் சப்பாத்தி, அவசரத்துக்குச் சேமியா, ராத்திரிக்குப் பரோட்டா என்று நாமும் கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

நியாயமாக வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். இந்தப் புத்தகங்கள் கிளப்பிய மோகத்தால்தான் கடைகளில் குளூட்டன் இல்லாத மாவும் ரொட்டியும் வந்தன. நோயாளிகளுக்கு அது லாபம், விலை இரண்டு மூன்று மடங்கு என்றாலும். செலியாக் இல்லாமலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் 2011-ல் குளூட்டன்தான் காரணம் போலிருக்கிறது என்று சொன்ன ஆஸ்திரேலியக் குழுவே, 2013-ல் 37 பேரை வைத்து மறுபடி சோதித்து, வயிற்றில் புளித்து உப்புகிற வேறு மாவுச்சத்துகள்தான் காரணமாக இருக்கும், குளூட்டனால் தனியாக மாற்றம் தெரியவில்லை என்று எழுதியது. அதே 2013-ல்தான் ஜோகோவிச் புத்தகமும் வந்தது. எது அதிகம் விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

டென்னிஸ் பிடித்தவர்கள் தாராளமாகப் படியுங்கள். போர்க்காலத்து செர்பியாவில் ஒரு பையன் எப்படி வளர்ந்தான் என்ற பகுதிகள் அருமை. சாப்பாட்டுத் திட்டத்தை மட்டும் ஆட்டக்காரரின் டயரிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வளராத குழந்தை, ஏறாத ரத்தம், தீராத வயிற்றுப்போக்கு இருந்தால் கோதுமையை நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் போய், செலியாக் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். உண்டு என்று வந்தால் பயப்பட வேண்டாம். இட்லி, இடியாப்பம், கம்பு, கேழ்வரகு என்று நம்ம சமையலறையே பாதி வைத்தியசாலை. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அடுப்பை ஏற்றுங்கள்.