தப்பியோடியவர்களின் சிரிப்பு

புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் துயரத்தையே அளவுகோலாகக் கொள்கிறோம். போரும் ஹைம் வாழ்க்கையும் பனியும் தனிமையும் இல்லாத எழுத்து எமக்குக் கனமற்றதாகப் படுகிறது. வேடிக்கையும் மாயமும் கலந்த சாகசக் கதைகளைப் பிள்ளைகளுக்கானவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அம்புலிமாமாவையும் விக்கிரமாதித்தன் கதையையும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்து வளர்ந்த நாமே இப்படி ஒதுக்குவது விந்தைதான்.

இதை எமக்கு உறைக்கச் செய்தது ஒரு ஜேர்மன் நூல். மிஹாயேல் எண்டே எழுதிய 'ஜிம் க்னோப்பும் புகையிரத ஓட்டுநர் லூக்காசும்' 1960இல் ஸ்ருட்கார்ட்டின் தீனமன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டே ஜேர்மன் இளையோர் நூற்பரிசைப் பெற்றது. இரண்டாம் பாகம் 1962இல் வந்தது. பிள்ளைகளுக்கு டொச் சொல்லிக்கொடுப்பதாக எண்ணியே நாம் அதை வாசிக்கத் தொடங்கினோம். உண்மையில் அவர்கள்தான் எமது உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

லும்மர்லாண்ட் மிகச்சிறிய தீவு. ஓர் அரசன், மூன்று குடிகள், எம்மா என்னும் புகையிரத எஞ்சின், இவ்வளவுதான். அங்கே விலாசம் பிழைத்த பொதியொன்றில் கறுப்புக் குழந்தையொன்று வந்து சேர்கிறது. அவனது காற்சட்டை எப்போதும் ஒரே இடத்தில் கிழிவதால் அங்கே ஒரு தெறி தைக்கப்படுகிறது. க்னோப் என்றால் தெறி. அதுவே அவன் பெயராகிறது. அவன் வளர வளரத் தீவில் இடம் போதாதென்று அரசன் கவலைகொள்கிறான். எம்மாவை அகற்றிவிடும்படி லூக்காசிடம் சொல்கிறான். எம்மாவைப் பிரிய மனமில்லாத லூக்காசும், நண்பனைப் பிரிய மனமில்லாத ஜிம்மும் இரவோடிரவாகக் கடலேறுகிறார்கள். 'படகு நிறைந்துவிட்டது' என்ற கோஷத்தை இந்நாட்டில் கேட்டவர்கள் நாம். 1993இல் அடிப்படைச் சட்டத்தின் புகலிட உரிமை குறுக்கப்பட்டதைக் கண்டவர்கள். அந்த அரசனின் கணக்கைப் படித்து நாம் சிரித்த சிரிப்பு பிள்ளைகளின் சிரிப்பல்ல.

சிரிப்பின் உச்சம் நாகங்களின் நகரில் வருகிறது. தூய இரத்தமுள்ள நாகங்களுக்கே அங்கு அனுமதி, மற்றவர்க்கு மரணதண்டனை. நீர்யானைக்குப் பிறந்த அரைநாகம் நெப்போமுக் வெளியே தனித்து வாழ்கிறான். ஆனால், எஞ்சினுக்கு வேடமிட்டு, அதைத் தூய நாகமென்று காட்டி நண்பர்கள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்! தூய்மைக் கோட்பாட்டை எத்தனை கட்டுரைகள் மறுத்தாலென்ன, புகைவிடும் இரும்பு அதை மறுத்ததுபோல் வராது. வேறொருவரின் கடவுச்சீட்டோடு விமானநிலையம் கடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எண்டே 1929இல் பிறந்தவர். ஓவியரான அவரது தந்தை எட்கார் எண்டே 1936இல் நாசிகளால் தொழில்தடை செய்யப்பட்டார். இன உயர்வும் தூய்மையும் போதிக்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவருக்கு அந்த அறிவிப்புப் பலகை கற்பனையல்ல. இருந்தும், யதார்த்தத்திலிருந்து தப்பியோடுகிறார் என்று இந்நாட்டு விமர்சகர்கள் அவரைச் சாடினார்கள். அவரும் 1970களின் தொடக்கத்தில் இத்தாலிக்குப் போய்விட்டார். தப்பியோடுதல் எமக்கு வசைச்சொல்லல்ல. ஓடியதால்தான் உயிரோடிருந்து வாசிக்கிறோம். எங்கிருந்து, எதைக் காவிக்கொண்டு ஓடினோம் என்பதே கேள்வி.

துர்துர் என்னும் தோற்றப் பூதத்தையும் சொல்லவேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் அவர் வானளாவியவர்; கிட்டப் போகப் போகச் சாதாரண மனிதர். அஞ்சி ஓடாமல் கிட்டப் போனவர்களே அவரது நண்பர்களானார்கள். எமக்கோ இங்கு ஊரின் நினைவு வந்தது. தூரமும் ஆண்டுகளும் கூடக் கூட எமது ஊரும் வானளாவி வளர்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள் ஒழுங்கையின் உண்மையான அகலத்தைக் கண்டு திகைத்துப்போகிறார்கள்.

இரண்டாம் பாகத்தில் 'காட்டுப் பதின்மூவர்' என்னும் கடற்கொள்ளையர் உண்மையில் பன்னிருவரே. தலைவனை இருமுறை எண்ணிவிடுகிறார்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் சீடர்களோ ஆற்றைக் கடந்தபின் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவரைக் காணவில்லையென்று அழுதார்கள். தலைவனை இருமுறை எண்ணும் கூட்டமும், தன்னை எண்ண மறந்த கூட்டமும் எமது சங்கக் கூட்டங்களில் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை.

நூலில் எமக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. பொதியைத் திறந்ததும் ஒரு பாத்திரம் சொல்லும் நிறவெறிச் சொல்லும், ஜிம்மின் சித்திரிப்பும் 2024இன் புதிய பதிப்பில் மாற்றப்பட்டன. அது தேவையான மாற்றமே. ஆனால் எமது பெரிய கருத்து வேறுபாடு முடிவைப் பற்றியது. ஜிம் ஓர் அரச பரம்பரையின் வாரிசு என்று தெரியவருகிறது. மூழ்கிய அவனது நாடு கடலிலிருந்து எழுகிறது. கடல்கொண்ட குமரிக்கண்டத்தைக் கனவுகண்டு வளர்ந்த எமக்கு இது இனிக்கிறது. இனிப்பதாலேயே ஐயப்படவேண்டியிருக்கிறது. அரைநாகத்துக்காக வாதாடிய நூல், பொதியில் வந்த பிள்ளையைப் பிறப்பின் பெருமையால் உயர்த்தியிருக்கத் தேவையில்லை. அவன் தெறி தைத்த காற்சட்டையோடு நின்றிருந்தாலும் எமக்கு அவன் நாயகன்தான்.

இங்கு பிறந்த எமது பிள்ளைகளுக்குச் சொத்தாக அதிகம் எதையும் நாம் விட்டுச்செல்லப் போவதில்லை. துயரத்தை அவர்கள் எமது மௌனத்திலிருந்தே கற்றுக்கொள்வார்கள். தெனாலிராமனிலும் பரமார்த்த குருவிலும் எமக்குக் கிடைத்த சிரிப்பு அப்படித் தானாகப் போய்ச்சேராது. அதை யாராவது எழுதவேண்டும். ஹைம் சமையலறையில் ஒரே அடுப்புக்கு ஆறு நாட்டவர் போட்ட சண்டை ஒரு மாயக்கதைக்குப் போதாதா? அப்படியொரு கதை எமது மேசைக்கு வந்தால், கனமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பாதிருப்போம்.