சாளரமும் ஒற்றையடிப்பாதையும்: இலங்கையைக் காட்டும் மூன்று நூல்கள்

ஒரு நாட்டின் இயற்கையையும் வரலாற்றையும் பண்பாட்டையும் காட்ட எழுந்த நூல்களை நம் விமர்சகர் இலக்கியமாகக் கொள்வதில்லை. உல்லாசப் பிரயாணிகளுக்கு உரியவை என ஒதுக்கிவிடுகின்றனர். இது பொருத்தமன்று என்பதே என் துணிபு. நாவலாசிரியனின் நோக்குநிலையை ஆராயும் நாம், இத்தகைய நூலை எழுதியவர் அந்நாட்டினை எவ்வாறு கடந்து சென்றார் எனவும் வினவுதல் வேண்டும். இலங்கை பற்றி ஆங்கிலத்தில் எழுந்த மூன்று நூல்களை இவ்வினாவுடன் அணுகலாம்.

1681இல் இலண்டனில் வெளியான றொபேட் நொக்ஸின் நூல் வழிகாட்டியாக எழுதப்பட்டதன்று. 1660இல் கொட்டியாரக் குடாப் பகுதியிற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தினுள் தடுத்து வைக்கப்பட்ட மாலுமியொருவரின் வாக்குமூலம் அது. தொப்பி பின்னி விற்றும், சில்லறைப் பொருள்களைச் சுமந்து ஊரூராகத் திரிந்தும் அவர் பிழைத்தார். வியாபாரம் வெளிக்காரணம், தப்பும் வழியை அறிதலே உட்காரணம். ஆகவே ஒவ்வொரு கடவையும் ஒவ்வொரு காவலும் அவருக்கு உயிர்ப்பிரச்சினையாயிற்று. நெல் விளையும் முறை, வீட்டின் அமைப்பு, உணவு, சாதி ஒழுங்கு என அவர் கூறுவன யாவும் அருகிருந்து கண்டவை. 1679இல் அநுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து சென்று, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அவர் அடைந்தார். அநுராதபுரத்தில் அவர் எதிர்கொண்டவர்கள், 'மலபார்' என்று அவர் குறிக்கும் தமிழர். இடிபாடுகளை அவர் காணாமலில்லை. ஆயினும் அங்கு வாழ்வோர் தம்மைக் காட்டிக்கொடுப்பரோ என்பதே அவரது கவலை. அவ்வச்சமே அம்மக்களை நூலுள் மனிதராக நிறுத்துகின்றது.

ஹென்றி கேவ் 1908இல் வெளியிட்ட 'இலங்கை நூல்' முற்றிலும் வேறானது. அது புகையிரதப் பாதையின் வழிகாட்டி. கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதற்கென 1867இற் கண்டிவரை வந்த பாதை, 1885இல் நானுஓயாவை எட்டியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அதனைச் சுமந்தது. அப்பாதையிலே நிலையம் நிலையமாக கேவ் நம்மை அழைத்துச் செல்கின்றார். அவர் தாமே எடுத்த ஒளிப்படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன. (நூலகத்தில் இரவல் தராத பிரிவில் இருந்தமையால் மூன்று பிற்பகல்கள் அங்கேயே அமர்ந்து படித்தேன்; அதற்காக வருந்தவில்லை.) ஆனால் கொட்டகலையில் வளர்ந்த எனக்கு அச்சாளரத்தின் மறுபுறமே பழக்கமானது. வண்டி போகையில் கொழுந்து பறிப்போர் நிமிர்ந்து பார்ப்பர். சிறுவர்களாகிய நாங்கள் கையசைப்போம். கேவின் படங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் உளர். அவர்களுக்குப் பெயரில்லை, அவர்கள் வாய் திறப்பதுமில்லை. வண்டி நிற்காத இடத்தில் எவரும் பேசுவதற்கில்லை அல்லவா?

ஆர். எல். புறோகியர் 1973இல் எழுதியது மூன்றாவது நூல். நில அளவைத் திணைக்களத்தில் 1910இற் சேர்ந்து, சங்கிலியும் வரைபடமுமாகக் காடு மேடெல்லாம் நடந்தவர் அவர். பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றி 1930களில் அவர் எழுதிய பெருநூல் ஆய்வாளர் நன்கறிந்தது. நடந்தவரின் நிதானம் அவரது உரைநடையிலும் உண்டு. ஒரு குளக்கட்டிலிருந்து ஐதிகத்துக்கும், ஐதிகத்திலிருந்து பழைய பாதைக்கும் இயல்பாகச் செல்கின்றார். எனினும் கட்டிய மன்னர்மீது அவருக்குள்ள ஈடுபாடு, அக்கட்டிலே இன்று நடந்து செல்லும் கமக்காரன்மீது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இம்மூன்றையும் படித்து முடித்தபோது, எழுதப்படாத ஒரு நூலின் நினைவே எழுந்தது. கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டினூடே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். நொக்ஸ் தப்பிவந்த வன்னிக் காடுகளை, எதிர்த்திசையிலே கடந்தவர்கள் இவர்கள். எங்கே தண்ணீர் உண்டு, எங்கே இராத்தங்கக்கூடாது என்பவை அவர்கள் அறிந்த நாட்டு வழிகாட்டி. என் அப்பாயி, தன் பாட்டி சொன்னதாகச் சில இடப்பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். சென்ற விடுமுறையில் அவற்றை எழுதிக்கொண்டேன். ஐந்து பெயர்கள் இன்றைய வரைபடத்துடன் பொருந்தவில்லை. அவை தூர்ந்த குளங்களின் பெயர்களாக இருக்கலாமோ என்ற ஐயத்திலேதான் புறோகியரின் நீர்ப்பாசன நூலை மறுபடி எடுத்திருக்கிறேன்.