கொடும்பாளூர்ச் சுவரில் ஒரு குருமரபு

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்துள்ள கொடும்பாளூர், இருக்குவேளிர் என்ற வேளிர் குலத்தவரின் தலைநகராக விளங்கிய ஊராகும். அக்குலத்துத் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவர் பெயராலும் எழுப்பிய மூன்று விமானங்களே, அதாவது கருவறையும் அதன்மேல் உயரும் தளங்களும் கூடிய கட்டடங்களே, மூவர் கோயில் எனப்படுகின்றன. அவற்றுள் நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் இன்றும் நிற்க, வடக்கிலுள்ளதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

சதுரமான கழுத்தும் சிகரமும் கொண்டு மேற்கு நோக்கி நிற்கும் இவ்விமானங்களின் அழகு அளவின் பெருமையால் வந்ததன்று. அளவறிந்த அடக்கத்தால் வந்தது. யானையை உரித்தாடும் கஜசம்ஹாரமூர்த்தியின் சீற்றத்தையும், அம்மையும் அப்பனும் ஓருடலாகிய அர்த்தநாரியின் அமைதியையும் ஒரே கருங்கல்லில் வடிக்க வல்ல உளி, கைத்திறனோடு ஒரு சமயக் கல்வியையும் உள்வாங்கியதாகவே இருந்திருக்க வேண்டும். அக்கல்வி எத்தகைய சூழலில் மதிக்கப்பட்டது என்பதை நடு விமானத்தின் சுவரிலுள்ள கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு உணர்த்துகிறது.

அக்கல்வெட்டு இருக்குவேளிரின் தலைமுறைகளை வரிசைப்படுத்தி, காவிரிக்கரையில் பல்லவர் படையையும் பின்னர் வீரபாண்டியனையும் வஞ்சிவேளையும் வென்றவனாக விக்கிரமகேசரியைப் புகழ்ந்து, அவன் மல்லிகார்ச்சுனர் என்ற துறவிக்குப் பெரிய மடம் ஒன்றை அளித்த செய்தியைக் கூறுகிறது. மதுரையைச் சேர்ந்த, ஆத்திரேய கோத்திரத்தவரான இத்துறவி, வித்யாராசி, தபோராசி என்னும் ஆசிரியர் இருவரின் மாணவர் என்றும் அது பதிவு செய்கிறது. கல்விக் குவியல், தவக் குவியல் எனப் பொருள்படும் இப்பெயர்கள், நூலறிவையும் நோன்பையும் இணையாகப் போற்றிய காளாமுக சைவத்தின் இலக்கைக் காட்டுகின்றன. காளாமுகர் என்போர் பாசுபத மரபிலிருந்து கிளைத்த சைவத் துறவியர். கன்னடநாட்டுப் பள்ளிகாவியில் அவர்கள் நடத்திய கோடிய மடம், வேதமும் இலக்கணமும் தருக்கமும் பயிற்றும் கல்விச்சாலையாக விளங்கியதை 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு விரித்துரைக்கிறது.

மன்னனின் அடையாளம் தந்தை வழியாலும் வெற்றியாலும் நிறுவப்பட, துறவியின் அடையாளம் ஆசிரியர் வழியால் நிறுவப்படுவதே இக்கல்வெட்டின் தனிச்சுவை. பிறந்த ஊரும் கோத்திரமும் அவருடைய தொடக்கத்தைச் சொல்ல, அவர் எவராக வளர்ந்தார் என்பதை ஆசிரியர் பெயர்களே சொல்கின்றன. அம்மரபு அவரோடு முடிந்துவிடாதபடி, காளாமுகத் துறவியர் 50 பேருக்கு உணவளிக்க 11 ஊர்களும் மடத்துக்குக் கொடுக்கப்பட்டன.

இக்கொடைக்கு ஊர் மரபிலும் வேருண்டு. அறுபத்து மூவருள் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரில் ஆட்சிபுரிந்தவர். அடியாருக்கு அமுதளிப்பதற்காக அரண்மனை நெல்லைக் களவாடிப் பிடிபட்ட தொண்டரை விடுவித்ததோடு, சிவனடியார் அனைவரும் வேண்டியதை எடுத்துச் செல்லலாம் என்று அவர் அறிவித்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. முன்னோரின் நம்பிக்கை பின்வந்தவரின் இயல்பாகப் படிவதற்கு இவ்விரண்டு கொடைகளும் சான்றாகின்றன.

ஆகவே, மூவர் கோயிலைக் காணச் செல்வோர் கோட்டங்களிலுள்ள சிற்பங்களோடு நிறைவடையாமல், எழுத்துள்ள சுவரின் முன்னும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். போர்களில் வென்ற தலைவன் ஒருவன், தன் குலவரலாற்றைப் பொறித்த கல்லிலேயே ஒரு துறவியின் ஆசிரியர்களுக்கும் இடமளித்தான் என்பது, அக்கோயிலின் எந்தச் சிற்பத்துக்கும் குறையாத கலைப்பண்பாகும்.